கல்லூரியில் கை நனைத்த கதை

கல்லூரி இன்டர்வியூவுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு போன பெண் இந்தச் சென்னையில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள், சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிப்போம். (தலைவர் பதவி எனக்குத்தான். என் தட்டில் அன்னாசிப்பழமும் இருந்தது.)

அப்போது நான் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். வீடு மந்தைவெளிக்குப் பின்னால் ஹவுசிங் போர்டில். அப்பா ஆட்டோ ஓட்டினார். அம்மா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது தளத்தில், வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்கும் வேலையில் இருந்தாள். அந்தக் கடை மேனேஜரிடம் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

நான் மனசு வைத்திருந்தது வேறு இடத்தில். அடையாற்றில் பெயர்பெற்ற ஒரு பெண்கள் கல்லூரி, மாநகராட்சிப் பள்ளிப் பெண்களுக்கென்று ஒவ்வொரு துறையிலும் ஓர் இடத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்கியிருந்தது. நான் விண்ணப்பித்தது ஊட்டச்சத்துத் துறைக்கு. கிடைத்தால் மூன்று வருஷம் கல்லூரி. கிடைக்காவிட்டால் வரும் திங்கட்கிழமையே ஜவுளிக்கடை. அந்தக் கடையின் யூனிஃபார்ம் புடவையை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றுவிட்டு, வீங்கிய காலோடு அம்மா வாசப்படியில் உட்காருவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

இன்டர்வியூவுக்கு நான் தயாராகாமல் போகவில்லை. அளவுக்கு மீறித் தயாராகித்தான் போனேன், தொல்லையே அதுதான். எங்கள் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஏதோ ஐ.டி. கம்பெனியிலிருந்து நந்தினி அக்கா என்று ஒருவர் வருவார். வேலைக்கும் கல்லூரிக்கும் எங்களைத் தயார்படுத்துவது அவர் பொறுப்பு. தங்கமான மனுஷி. விடுமுறை நாளில் தூங்காமல், மின்விசிறி ஓடாத வகுப்பறையில் வியர்த்து வழிய எங்களுக்குக் கை குலுக்கச் சொல்லிக் கொடுத்தார். கை குலுக்கினால் உறுதியாகக் குலுக்க வேண்டும். பேசினால் எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். "உன் பலவீனம் என்ன?" என்று கேட்டால், "ஐ ஆம் எ பர்ஃபெக்ஷனிஸ்ட்" என்று சொல்ல வேண்டும்.

அவர் அதை ஓர் உதாரணமாகத்தான் சொன்னார். நாங்கள் அதை விடைக்குறிப்பாக எடுத்துக்கொண்டோம். பத்து மார்க் கேள்விக்கு டீச்சர் சொன்ன பதிலை மாற்றி எழுதினால் மார்க் போய்விடும் என்று பன்னிரண்டு வருஷம் பழகிய பிள்ளைகள் நாங்கள். ஆக, எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே பலவீனம். பாத்திமா டீச்சரின் பரீட்சையில் பார்டரில் பாஸான பர்வீன்கூடப் பர்ஃபெக்ஷனிஸ்ட்தான். (பர்வீன் என் உயிர்த்தோழி, அதே கல்லூரியில் வணிகவியலுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதனால் சொல்லலாம்.) நான் வீட்டில் அம்மாவிடம் கை குலுக்கிப் பழகினேன். மூன்றாம் நாள் அம்மா, "போதும்டீ, நாளெல்லாம் பொடவ மடிக்கிற கையி இது" என்று உதறிவிட்டாள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அஞ்சலை அத்தை வீட்டுக்கு வந்தாள். அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பாவின் அக்கா. மந்தைவெளியில் மாலை நேர பஜ்ஜிக் கடை. அது தொழில். ஆனால் எங்கள் போர்டில் அத்தைக்கு மரியாதை பஜ்ஜியால் வந்ததில்லை, மாப்பிள்ளை பார்ப்பதால் வந்தது. எந்த வீட்டில் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினாலும், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவர அத்தையைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அத்தை அந்தத் தெருமுனை டீக்கடையில் விசாரிப்பாள், பக்கத்து வீட்டில் விசாரிப்பாள், கடைசியில் வீட்டுக்குள் நுழைந்து கக்கூஸைப் பார்ப்பாள். அத்தை சரி என்று சொன்னால் கல்யாணம். தலையாட்டாமல் எழுந்தால் தட்டு திரும்பி வந்துவிடும். இடையில் இன்னொரு சட்டமும் உண்டு. பேச்சு முடிந்து இடம் பிடித்திருக்கிறது என்று முடிவாகும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது.

"நாளிக்கு யார் யார் போறீங்க?" என்றாள் அத்தை.

"நானு, அவரு, புவனா" என்றாள் அம்மா.

"மூணு பேராவா? நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவாங்களா? இன்னாடா மணி, ஒனக்கும் புத்தி இல்லியா?" என்று அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அக்காவுக்கு எதிரே வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அத்தையே கணக்கைச் சரிசெய்தாள். அத்தையும் மாமாவும் சேர்ந்தால் ஐந்து. ஐந்து நல்ல எண்.

"அத்தே, அது காலேஜு. அங்க யாரும் கூட வரக் கூடாது" என்றேன். நந்தினி அக்கா சொல்லியிருந்தார், இன்டர்வியூவில் தனியாக, தன்னம்பிக்கையோடு நுழைய வேண்டும் என்று.

"மூணு வருசம் பொண்ண ஒரு எடத்துக்கு அனுப்புறோம். காத்தால போனா சாயங்காலம் வரப் போவுது. எந்த எடம், எப்படி எடம்னு பாக்க வேணாமா? கல்யாணம் கட்டிக் குடுத்தாகூட ராத்திரி ஃபோன் பண்ணி அழுதா கூட்டினு வந்துடலாம். இத்த இன்னா பண்றது?"

நந்தினி அக்கா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

மறுநாள் காலை ஐந்து பேரும் அப்பாவின் ஆட்டோவில் ஏறினோம். மாமா முன்னால், அப்பாவின் சீட்டில் ஒட்டிக்கொண்டு. மடியில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஆறு வாழைப்பழம், மல்லிகைப்பூ, நான் முன்பே சொன்ன அன்னாசி. நானோ இஸ்திரி போட்ட சுடிதாரும், பின் குத்திய துப்பட்டாவும், மடியில் ஃபைலுமாக உட்கார்ந்து, அடையாறு பாலம் வரும்வரை உதட்டுக்குள்ளேயே "மை ஸ்ட்ரென்த் இஸ் டீம் ஒர்க்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் தட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, "வாழ்த்துக்கள்மா" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கல்லூரி வாசலில் இறங்கியதும் என் திட்டம், இவர்களை எனக்குத் தெரியாதது மாதிரி நாலடி முன்னால் நடப்பது. அத்தை என் பின்னால் வரவேயில்லை. திரும்பிப் பார்த்தால், எதிர் நடைபாதையில் இளநீர்க்காரரிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அடுத்தது வாட்ச்மேன். "பெரிய அம்மா எப்பிடி? கோவக்காரங்களா? பொண்ணுங்கள நல்லாப் பாத்துக்குவாங்களா?" என்று அவள் கேட்பதும், வாட்ச்மேன் பயந்துபோய் எழுந்து நின்று பதில் சொல்வதும் எனக்குக் கேட்டது. வரிசையில் நின்ற மற்ற பள்ளிப் பிள்ளைகளுக்கும் கேட்டது.

பெற்றோர்களை ஓர் அரங்கில் உட்காரவைத்து டீயும் பிஸ்கெட்டும் கொடுத்தார்கள். ஜூன் மாத வெயில். எல்லாருடைய பெற்றோரும் சந்தோஷமாகக் குடித்தார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கண் பிஸ்கெட் மேலேயே இருந்தது. டீ கொண்டுவந்த பெண் நான்கு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். அத்தை நடுவில் எழுந்துபோய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தண்ணி வர்து. தாப்பாகூட கீது" என்று அம்மாவிடம் சொன்னாள். அத்தை வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அன்றைக்கு அது ஒன்றுதான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் பிரின்சிபால், கோட்டயத்துக்காரர், வெள்ளைப் புடவை, அமைதியான முகம். இன்னொருவர் ஊட்டச்சத்துத் துறைத் தலைவர் வைதேகி மேடம், மயிலாப்பூர்க்காரர், மூக்கில் வைரம், மேஜையில் ஃபில்டர் காபி. நான் நேராகப் போய் இருவரிடமும் உறுதியாகக் கை குலுக்கினேன். வைதேகி மேடம் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் மெதுவாகத் தடவிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு கண்ணைப் பார்த்தேன். இமைக்காமல் பார்த்தேன். இமைத்தால் தன்னம்பிக்கை குறைவு என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

"கண்ணுல ஏதாவது விழுந்துடுத்தாம்மா?" என்றார் வைதேகி மேடம்.

"நோ மேடம். ஐ ஆம் கான்ஃபிடன்ட்" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பலவீனம் கேட்டார்கள். சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்க ஸ்கூல்லேர்ந்து வந்த அத்தனை பேரும் பர்ஃபெக்ஷனிஸ்டா இருக்கேளே, ரிசல்ட் மட்டும் ஏன் இப்படி வர்றது?" என்று வைதேகி மேடம் கேட்டார். நான் அதற்கும் கண்ணைப் பார்த்தேன்.

"இந்தத் துறையில் ஏன் சேர விரும்புகிறாய்? தமிழிலேயே சொல்லலாம்" என்றார் பிரின்சிபால்.

"டு ரீச் கிரேட்டர் ஹைட்ஸ் அண்ட் சர்வ் த சொசைட்டி."

"எந்த உயரம்?"

உயரத்தைப் பற்றி நந்தினி அக்கா மேற்கொண்டு எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் முழித்தேன். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்றார்கள். மேனேஜர் என்றேன். எதற்கு மேனேஜர் என்றார்கள். "டீம் ஒர்க்" என்றேன். அப்படியே என் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. பிரின்சிபால் பேனாவை மூடினார். அவர் கொடூரமானவர் இல்லை, பாவம் என்று பார்த்துக்கொண்டே மூடினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை, யூனிஃபார்ம் புடவை, மூன்றாவது தளம் எல்லாம் கண்ணெதிரே வந்துவிட்டது.

"சரிம்மா. வீட்டிலிருந்து வந்தவர்களிடம் இரண்டு நிமிஷம் பேசிவிடுகிறோம். வரச் சொல்" என்றார். ஒவ்வொரு பெண்ணின் வீட்டாரோடும் பேசுவது அவர்கள் வழக்கம்.

கதவு திறந்தது. முதலில் தட்டு வந்தது. தட்டுக்குப் பின்னால் மாமா, பிறகு அத்தை, அம்மா, அப்பா. நாற்காலி இரண்டுதான் இருந்தது. அத்தை ஒன்றில் உட்கார்ந்து அம்மாவை இன்னொன்றில் உட்காரவைத்தாள். மாமா தட்டை மேஜையில், மற்ற பெண்களின் விண்ணப்பங்களின் மேல் வைத்தார். அன்னாசி உருண்டுவிடாமல் வைதேகி மேடம் சட்டென்று பிடித்துக்கொண்டார். நான் மூலையில் நின்று தரையைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அறையின் தரையை நான் பார்த்த மாதிரி அதைக் கட்டிய மேஸ்திரிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

"நாங்க மந்தவெளிலேர்ந்து வர்றோம்" என்று அத்தை ஆரம்பித்தாள். "பொண்ணுக்கு நான் சொந்த அத்த. இவரு எங்க வூட்டுக்காரரு. இது என் தம்பி, தம்பி சம்சாரம். குடும்பத்துல யாரும் குடிக்கிறதில்ல. இவரு மட்டும் தீவாளிக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். டீ சாப்பிடுங்கள்" என்றார் பிரின்சிபால். டீ கொடுக்கும் பெண் டீயும் பிஸ்கெட்டும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அத்த அப்பறமாப் பாத்துக்கலாம். மொதல்ல பேச்சு முடியட்டும்."

பிரின்சிபால் புரியாமல் வைதேகி மேடத்தைப் பார்த்தார். மேடம் முகத்தில் அதற்குள் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. பிரின்சிபால் காதருகே குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தம் முடிவாகாம கை நனைக்க மாட்டா. நம்மளை மாப்பிள்ளை ஆத்துக்காரான்னு நெனச்சுண்டு வந்திருக்கா" என்றார்.

"நாமா?" என்றார் பிரின்சிபால்.

அத்தை கேட்க ஆரம்பித்தாள். கட்டடம் சொந்தமா, வாடகையா? பெண்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள்? தப்புச் செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வீர்களா, நாலு பேர் எதிரே திட்டுவீர்களா? பிரின்சிபால் முதலில் திகைத்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேராகவே பதில் சொன்னார். சொந்தக் கட்டடம் என்றதும் அத்தை மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இன்னா படிப்பு இது?"

"உணவும் ஊட்டச்சத்தும்" என்றார் வைதேகி மேடம்.

"சமையலா?" அத்தையின் குரல் உயர்ந்தது. "பஜ்ஜிக் கடை வெச்சினு கீறவ நான். சமையல் கத்துக்க இவ அடையார் வரணுமா? இத பாருங்க, எங்களுக்கு இன்னொரு எடம் ரெடியா கீது. டி.நகர்ல பெரிய ஜவுளிக்கட. மத்தியானம் சாப்பாடு போடறாங்க. தீவாளிக்குப் பொடவ எடுத்துக் குடுக்கறாங்க. நீங்க இன்னா செய்வீங்க?"

"நாங்கள்... படிப்பு கொடுப்போம்" என்றார் பிரின்சிபால். அவருக்கே அது கொஞ்சம் கம்மியாகப் பட்டிருக்க வேண்டும். "நூலகமும் இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார்.

"எங்க மாதிரி எடத்துலேர்ந்து இதுக்கு முன்ன வந்த பொண்ணுங்கல்லாம் முழுசா முடிச்சிச்சா?"

பிரின்சிபால் எதையும் மறைக்கவில்லை. "நிறையப் பேர் முடித்திருக்கிறார்கள். சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். இங்கிலீஷ் கஷ்டமாக இருந்தது என்றார்கள். நாங்களும் இன்னும் கவனித்திருக்கலாம்."

"அதான். பாதில திரும்பி வந்த பொண்ணுக்கு அதுக்குள்ள அந்தக் கட வேலையும் போயிருக்கும். அப்பறம் அது எங்க போவும்?" அத்தை எழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நல்லவங்களாத்தான் கீறீங்க. எங்களுக்கு எடம் சரிப்படாதுன்னு தோணுது." மாமாவுக்குக் கண்ணைக் காட்டினாள். மாமா தட்டைத் தூக்கினார்.

நடந்தது என்னவென்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிரின்சிபால் என்னை வேண்டாம் என்று சொல்வதற்குள், அத்தை கல்லூரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நகரத்துப் பெண்கள் ஏங்கிக் கிடக்கிற ஒரு கல்லூரி, கையில் பேனாவோடு, எங்களால் தட்டிக்கழிக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. நந்தினி அக்கா கற்றுக்கொடுத்ததெல்லாம் ஜன்னல் வழியாகப் போயிற்று.

"அத்தே! தட்டக் கீழ வை!"

அறை அதிர்ந்தது. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாடீ கத்தற?"

"இது சமையல் இல்ல. ஒனக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. அப்பாவுக்குச் சக்கர வந்துச்சே, ஆஸ்பத்திரில ஒரு சார்ட்டு குடுத்தாங்களே, அதுல இன்னா போட்டிருந்துச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"ஓட்ஸு, பச்சப் பூக்கோசு, ஆலிவ் எண்ண. நம்ம தெருக் கடைல அதுல ஒரு சாமான் கெடைக்குமா? அந்த சார்ட்ட அப்பா ஆட்டோல சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருக்காரு. வெச்சுட்டு பழையபடி ரேஷன் அரிசிச் சோறுதான் துன்றாரு. கால்ல புண்ணு வந்து ரெண்டு மாசம் வண்டி ஓட்டல. மறந்துட்டியா?"

அப்பா மெதுவாக, "ஆமாக்கா" என்றார்.

"அந்த சார்ட்டு எழுதினவங்களுக்கு நம்ம வூட்ல இன்னா ஆக்குறாங்கன்னு தெரியாது. எனக்குத் தெரியும். ரேஷன் அரிசிய வெச்சுக்கினே எவ்ளோ துன்னலாம், அதோட எந்தக் கீரை, எந்த மீனுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நம்ம போர்டுல எத்தினி வூட்ல சக்கர கீது? ஒன் பஜ்ஜிய துன்னாதேன்னு டாக்டர் சொன்னா எவனாவது கேக்கறானா? கேக்க மாட்டான். எத்தினி துன்னலாம், துன்னா ராத்திரிக்கு எத்தக் கொறைக்கணும்னு அவங்க பாசைல சொன்னா கேப்பான். அத்தச் சொல்லப் போறவ நானு. அத்த இங்கதான் படிக்கணும். இங்கிலீசு கஸ்டமாத்தான் இருக்கும். நான் பாதில வர மாட்டேன். பர்வீன் வந்தாலும் நான் வர மாட்டேன். எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு, அவ்ளோதான்!"

மூச்சு வாங்கியது. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. பிரின்சிபால் எதிரே, வைதேகி மேடம் எதிரே, குழாயடியில் நின்று கத்துகிற குரலில் கத்தியிருக்கிறேன். கையை வேறு இடுப்பில் வைத்திருந்தேன். மெதுவாக எடுத்தேன்.

வைதேகி மேடம்தான் முதலில் பேசினார். "ஏன்டி கொழந்தே, இதை அப்பவே சொல்லப்படாதோ? இத்தனை நாழியா மனப்பாடம் பண்ணிண்டு வந்ததையே ஒப்பிச்சிண்டிருந்தியே!"

"அது பதிலு இல்லீங்க மேடம்" என்றேன். "அது எங்க வூட்டு விசயம்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்டர்வியூவில் சொல்வதற்கென்று தனியாகச் சில விஷயங்கள் உண்டு, அப்பாவின் கால் புண் அதில் சேராது என்று. பிரின்சிபால் பேனாவை மறுபடி திறந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

"உங்கள் பெண்ணுக்கு எங்களைப் பிடித்திருக்கிறது. எங்களுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. இங்கிலீஷுக்குத் தனி வகுப்பு வைக்கிறேன், அது என் பொறுப்பு. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், யாருமே எதுவும் கேட்காத மாமாவைப் பார்த்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "டீ ஆறிடும்" என்றார்.

அத்தை உட்கார்ந்தாள். "பொண்ணே வாயத் தொறந்து புடிச்சிருக்குன்னு சொல்லிட்ச்சு. இனிமே நாம இன்னா சொல்றது? குடுங்கம்மா அந்த டீய."

டீ கைக்கு வந்தது. அத்தை ஒரு வாய் குடித்தாள். வைதேகி மேடம் எழுந்து நின்று கை தட்டினார், பிரின்சிபாலும் சேர்ந்துகொண்டார். அத்தை தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து முறையாக இருவர் கையிலும் கொடுத்தாள். (டீயில் இஞ்சி போதவில்லை என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.) அப்பா சர்க்கரை போடாத டீயும், என் கண்ணைத் தவிர்த்துவிட்டு இரண்டு பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது அடையாறு பாலம் முழுக்க அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். யார் திட்டியும் நிறுத்தவில்லை. அன்று மாலை அத்தை கடையில் பஜ்ஜி எல்லாருக்கும் இலவசம். போர்டு முழுக்க, "புவனாவுக்கு அடையார்ல எடம் முடிஞ்சிட்ச்சு" என்று சேதி பரவி, முதல் மாடி ஆயிஷா பெரியம்மா ஓடிவந்து, "பையன் என்ன வேல?" என்று கேட்டார். பர்வீனுக்கும் வணிகவியலில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை நந்தினி அக்காவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் பெஞ்சில் தலையை வைத்துச் சிரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பயிற்சி சேர்த்தார். கேள்விக்கான பதிலை முதலில் வீட்டில் யாருடனாவது சண்டை போட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் முதல் ஆறு மாதம் பாதி வகுப்பு எனக்குப் புரியவில்லை. பிரின்சிபால் சொன்னபடி தனி வகுப்பு வைத்தார். ஒரு நாள்கூட நிற்கவில்லை, அவரும் சரி, நானும் சரி. அந்த வருஷம் தீபாவளிக்கு, தலை தீபாவளிக்குச் சம்பந்தியை அழைக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று அத்தை கல்லூரிக்கே போய் வைதேகி மேடத்தை அழைத்துவிட்டாள். மேடம் பட்டுப் புடவையில் ஹவுசிங் போர்டு படிக்கட்டு ஏறி வந்து, வாழைக்காய் பஜ்ஜி ஆறு சாப்பிட்டார். ஆறாவதற்கு நான் ஆட்சேபித்தேன். "நீ இன்னும் ஃபர்ஸ்ட் இயர்தான்டி" என்றார்.

மூன்று வருஷத்தில் முடித்தேன். மேலே இரண்டு வருஷமும் படித்தேன். இன்று கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். அப்பாவுக்கு ஆறாத புண் அதற்குப் பிறகு வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை, அதே கல்லூரியில் அதே துறையில் பாடம் எடுக்கிறேன். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும், மறைப்பானேன்.

ஆனால் அத்தை இந்த விஷயத்தை விடவில்லை. எனக்கு ஆதம்பாக்கத்தில் நிஜமாகவே மாப்பிள்ளை பார்த்தபோது, முறைப்படி ஐந்து பேர் போனோம், அடம்பிடித்துச் சேர்ந்துகொண்ட நானும் அதில் ஒருத்தி. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன் என்று அன்பாகக் கேட்டார்.

"எதையும் மறைக்கக் கூடாது" என்றாள் அத்தை. "எங்க பொண்ணுக்கு இது ரெண்டாவது எடம். மொதல்ல அடையார்ல ஒரு பெரிய எடத்துல மூணு வருசம் இருந்துச்சு."

அந்த வீட்டாரின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாப்பிள்ளை (இப்போது என் கணவர்) நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா மட்டும் நிதானம் இழக்காமல், "ஏங்க, அங்கேருந்து ஏன் வந்துட்டா?" என்று கேட்டார்.

"பட்டம் குடுத்து அனுப்பிட்டாங்க" என்றாள் அத்தை, பெருமையாக.

விஷயம் விளங்கி அவர்கள் சிரித்து ஓய வெகுநேரமானது. கல்யாணம் ஆகி இப்போது எங்களுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். நான் கல்லூரிக்குக் கிளம்பும் நாட்களில் என் கணவர், "அம்மா, அவ மொத வீட்டுக்குக் கிளம்பிட்டா" என்று சமையலறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். புதிதாக வந்த உறவுக்காரர் யாராவது இருந்தால் அவர் முகம் வெளிறிவிடும். என் மாமியார் அவசரப்பட்டு எதையும் விளக்க மாட்டார். வந்தவருக்குக் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "என் மருமகளுக்கு ரெண்டு வீட்டுலயும் நல்ல பேரு" என்பார்.